மாத்திரைக்கு விலாசம் தெரியாது



முட்டி வலிக்கிறது. ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடிக்கிறோம். அரை மணி, முக்கால் மணியில் வலி குறைகிறது. வாய் வழியாக வயிற்றுக்குள் போன பொருள் முட்டியை எப்படித் தேடிப் பிடித்தது? அதிலும் இடது முட்டியில்தான் வலி என்று அதற்கு யார் சொன்னார்கள்? குழந்தைகள் இதைக் கேட்பார்கள். வளர்ந்ததும் நாம் கேட்பதை விட்டுவிடுகிறோம்.

யாரும் சொல்லவில்லை என்பதுதான் பதில். மாத்திரை என்பது விலாசம் எழுதாத கடிதம். குடலில் கரைந்து ரத்தத்தில் கலந்து, ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் போகிறது. உடலின் ரத்தம் ஒரு சுற்று வர ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். ஆகவே இடது முட்டிக்குப் போகிற மருந்து வலது முட்டிக்கும் போகும், இரைப்பைக்கும் போகும், சிறுநீரகத்துக்கும் போகும். அது ஒட்டிக்கொள்ளக்கூடிய புரதம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வேலை செய்யும். ஒரே புரதம் நான்கு உறுப்புகளில் இருந்தால் நான்கிலும் வேலை நடக்கும். நமக்கு வேண்டியதைக் குணம் என்கிறோம், வேண்டாததைப் பக்கவிளைவு என்கிறோம். மருந்தைக் கேட்டால் எல்லாம் ஒரே வேலைதான் என்று சொல்லும்.

இன்று இந்த ஒரு செய்தியைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். லட்ச ரூபாய் ஊசிகளைப் பற்றிப் பேசப்போவதில்லை. நம் வீட்டு அலமாரியில் இருக்கிற வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, அவ்வளவுதான்.

வலி மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மனியில் பாயர் கம்பெனியில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் 1897-இல் ஆஸ்பிரினைத் தயாரித்தார். 1899-இல் விற்பனைக்கு வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தது எப்போது? 1971-இல். எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகமே அதை விழுங்கிக்கொண்டிருந்தது, காரணம் தெரியாமலே. மருந்தியலில் இது அதிசயமில்லை. பல மருந்துகள் முதலில் கைக்கு வந்தன, விளக்கம் பிறகுதான் வந்தது.

விளக்கத்தைக் கண்டுபிடித்தவர் லண்டனில் வேலை பார்த்த ஜான் வேன். அடிபட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. வலி நரம்புகளின் உணர்ச்சியைக் கூட்டுவது, வீக்கத்தை உண்டாக்குவது, மூளையில் காய்ச்சலை ஏற்றுவது எல்லாம் இவற்றின் வேலை. இவற்றைத் தயாரிக்கும் நொதிக்குச் சைக்ளோ ஆக்சிஜனேஸ் என்று பெயர். சுருக்கமாகக் காக்ஸ் என்போம். ஆஸ்பிரின் அந்த நொதியை முடக்குகிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என்று மருந்துக்கடையில் நீங்கள் கேட்டு வாங்குபவை எல்லாமே அதே நொதியைத்தான் தடுக்கின்றன. இந்தக் கண்டுபிடிப்புக்காக வேனுக்கு 1982-இல் இன்னும் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் உடல் புரோஸ்டாகிளாண்டினை நமக்கு வலி கொடுப்பதற்காக மட்டும் வைத்திருக்கவில்லை. இரைப்பையில் அமிலம் சுரக்கிறது, அது இறைச்சியையே கரைக்கும். இரைப்பையின் சொந்தச் சுவர் கரையாமல் இருப்பது அதன்மேல் படர்ந்திருக்கும் சளிப்படலத்தால். அந்தப் படலத்தைச் சுரக்கச் சொல்வது புரோஸ்டாகிளாண்டின். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழைகிற மெல்லிய தமனியை விரிந்த நிலையில் வைப்பதும் அதுவே. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைய வேண்டுமானால் திராம்பாக்சேன் என்ற பொருள் வேண்டும். அதையும் இதே நொதிதான் செய்து கொடுக்கிறது. முட்டிக்காகப் போட்ட மாத்திரையால் வயிறு எரிவதும், புண்ணாகி மலம் கறுத்துப் போவதும், சிறுநீரகம் சோர்வதும் இதனால்தான்.

தட்டணு விஷயத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. ஆஸ்பிரின் நொதியில் ஒட்டினால் மறுபடி கழலாது. மற்ற செல்களுக்கு அதனால் பெரிய நட்டமில்லை, புது நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புதிதாகச் செய்ய வழியில்லை. அது உயிரோடு இருக்கிற ஏழு முதல் பத்து நாள் வரை முடங்கியே கிடக்கும். தலைவலிக்கு 300, 600 மில்லிகிராம் தேவைப்பட்ட ஆஸ்பிரின், மாரடைப்பு வந்தவர்களுக்கு நாளுக்கு 75 மில்லிகிராம் போதும் என்று ஆனது இதனால். நாம் இதை ரத்தம் இளக்கும் மாத்திரை என்கிறோம். ரத்தம் இளகுவதில்லை, உறையத்தான் தயங்குகிறது. பல் பிடுங்கப் போனால் ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார்களே, அதுவும் இதற்காகத்தான். கேட்டார்கள் என்பதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினை நிறுத்தினால் பல்லைவிடப் பெரிய விஷயம் போய்விடலாம்.

இந்தக் கடிதத்துக்கு விலாசம் எழுதிப் பார்த்தால் என்ன என்று ஒருமுறை முயன்றார்கள். காக்ஸ் நொதியில் இரண்டு வகை உண்டு என்பது 1990-களின் தொடக்கத்தில் தெரிந்தது. வயிற்றையும் தட்டணுவையும் கவனிப்பது முதல் வகை, வீக்கத்தில் கிளம்புவது பெரும்பாலும் இரண்டாம் வகை. இரண்டாவதை மட்டும் தடுத்தால் வலி போகும், வயிறு தப்பிக்கும். கணக்கு அழகாக இருந்தது. அப்படி வந்த ரோஃபெகாக்சிப் 1999-இல் அமெரிக்காவில் கடைக்கு வந்து பெரும் விற்பனை கண்டது. 2004 செப்டம்பரில் தயாரித்த கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றது. சாப்பிட்டவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் கூடியிருந்தன. ரத்தக்குழாயின் உட்சுவரும் தட்டணுக்களை ஒட்டவிடாமல் வைக்க ஒரு புரோஸ்டாகிளாண்டினைச் செய்கிறது, அதற்கு இரண்டாம் வகை நொதி வேண்டும். தட்டணுவை ஒட்டவைக்கிற பொருள் அப்படியே இருக்க, ஒட்டவிடாத பொருள் மட்டும் குறைந்துபோனது. ரோஃபெகாக்சிப்பின் உறவுக்காரரான எட்டோரிகாக்சிப் இன்றும் நம் ஊரில் தாராளமாக எழுதப்படுகிறது. வயிற்றுக்கு நல்லது என்பார்கள். இதயத்துக்கு எப்படி என்று நாம்தான் கேட்க வேண்டும்.

இங்கே பறவைகளைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதி கொடுங்கள். பாறு என்று நம் முன்னோர் சொன்ன பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் இந்தியா முழுவதும் கூட்டம் கூட்டமாக மறைந்தன. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன. காரணம் நோய்க்கிருமியாக இருக்கும் என்று தேடினார்கள். 2004-இல் வெளியான ஆய்வு டைக்ளோஃபெனாக்கைக் காட்டியது. வலிக்காக மாட்டுக்கு ஊசி போடுகிறார்கள், மாடு செத்தால் கழுகு தின்கிறது, தின்ற கழுகின் சிறுநீரகம் நின்றுபோகிறது. அதன் உள்ளுறுப்புகள்மேல் யூரிக் அமிலம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதை இந்தியா தடை செய்தது. நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் இன்று எஞ்சியிருக்கும் பாறுகளைப் பார்க்கப் போகிறவர்கள், நம் முதுகுவலி ஊசியும் அதே மருந்துதான் என்பதை நினைத்துக்கொள்ளலாம். மனிதச் சிறுநீரகம் அந்த அளவுக்கு மென்மையானதில்லை. ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வலி மாத்திரையோடு ஒட்டிப் பிறந்தது கேஸ் மாத்திரை. ஓமெப்ரசோல், பாண்டாப்ரசோல். இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் ஒரு புரத எந்திரம் இருக்கிறது, அதற்குப் புரோட்டான் பம்ப் என்று பெயர். இந்த மருந்து அதைப் பூட்டிவிடுகிறது. வாயுவுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, ஆனாலும் கேஸ் மாத்திரை என்ற பெயர் நிலைத்துவிட்டது. நான் இதுவரை சொன்ன விதிக்கு இது ஏறக்குறைய விலக்கு, அதனால்தான் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். ரத்தத்தில் எல்லா இடத்துக்கும் போகும்போது இது வேலை செய்யாத வடிவில் இருக்கிறது. கடும் அமிலம் பட்டால்தான் செயலுள்ள பொருளாக மாறும். அவ்வளவு அமிலம் உடலில் வேறெங்கே இருக்கிறது? அதனால் அது விழித்தெழுகிற இடம் இரைப்பைச் செல்லின் அமில மடிப்புதான். மாத்திரை நேராக வயிற்று அமிலத்தில் பட்டு முன்கூட்டியே கெட்டுவிடக்கூடாது என்று மேலே உறை போட்டிருக்கிறார்கள். அது குடலில் கரைந்து, ரத்தம் வழியாகச் சுற்றிக்கொண்டு, பின்பக்கமாக இரைப்பைக்கு வருகிறது. அந்த மாத்திரையைக் கடித்தோ பொடித்தோ சாப்பிடக்கூடாது என்பது இதற்காக. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. உணவு வரும்போதுதான் பம்ப்புகள் ஓடத் தொடங்கும், ஓடுகிற பம்ப்பைத்தான் மருந்து பிடிக்கும். பிரியாணியை முடித்துவிட்டுப் போட்டால் பாதி பலன்தான். வருஷக்கணக்கில் போட்டால் அமிலம் செய்துவந்த மற்ற வேலைகளும் குறையும். பி12 வைட்டமினும் மக்னீசியமும் இறங்கிப்போனவர்கள் உண்டு.

பிரஷர் மாத்திரைக்கு வருவோம். இதில் ஒரு பாம்புக் கதை இருக்கிறது. பிரேசிலில் ஜராராக்கா என்று ஒரு விரியன். அது கடித்தவருக்கு ரத்த அழுத்தம் சடாரென்று சரியும். அதன் நஞ்சில் உள்ள எந்தப் பொருள் இதற்குத் துணை செய்கிறது என்று செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில் விஞ்ஞானி ஆராய்ந்து 1965-இல் வெளியிட்டார். பிறகு அந்தப் பொருளோடு லண்டனுக்குப் போனார், யாரிடம் என்றால் அதே ஜான் வேனின் ஆய்வகத்துக்கு. நம் உடலில் ஏஸ் என்ற நொதி ஒன்று இருக்கிறது. ரத்தக்குழாயைச் சுருக்குகிற ஆஞ்சியோடென்சின் என்ற பொருளைச் செய்து முடிப்பது அதுதான். பாம்பு நஞ்சுப் பொருள் அந்த நொதியைத் தடுக்கிறது என்று தெரிந்தது. நஞ்சுப் புரதத்தை மாத்திரையாகக் கொடுக்க முடியாது, வயிறு செரித்துவிடும். அமெரிக்காவில் ஸ்குவிப் கம்பெனியின் குஷ்மனும் ஒண்டெட்டியும் அதைப் பார்த்து ஒரு சிறு மூலக்கூறை வடிவமைத்தார்கள். அதுதான் காப்டோப்ரில், 1981-இல் அங்கே அனுமதி கிடைத்தது. எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதன் தம்பிகள்.

இந்த ப்ரில் குடும்பத்து மாத்திரைகளைச் சாப்பிடுகிற பத்துப் பேரில் ஒருவருக்கு, சற்று முன்பின்னாக, விடாத வறட்டு இருமல் வரும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது. இருமல் டானிக் வாங்கி வாங்கிப் பாட்டில்கள் சேரும், எக்ஸ்ரே கூட எடுப்பார்கள். ஏஸ் நொதிக்கு இன்னொரு வேலை உண்டு. பிராடிகைனின் என்ற பொருளை உடைத்துக் கழிப்பதும் அதுதான். நொதியை முடக்கினால் பிராடிகைனின் நுரையீரலில் தேங்கி இருமலைக் கிளப்புகிறது. அதைத் தவிர்க்க, நொதியைத் தொடாமல் ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டுகிற இடத்தை மட்டும் மறைக்கிற மருந்துகளைச் செய்தார்கள். 1995-இல் லோசார்டான் வந்தது. நம் ஊரில் டெல்மிசார்டான் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இருமல் அநேகமாக இல்லை.

மருந்துப் பெயரின் வால் அதன் குலத்தைச் சொல்லும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ப்ரில், சார்டான், ப்ரசோல், ஸ்டாடின், ஓலால். அட்டையில் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும், அதை விடுங்கள். அதன் கீழே இருக்கிற மூலப்பெயரைப் படியுங்கள். வேறு வேறு டாக்டர் எழுதிய இரண்டு சீட்டில் ஒரே வால் இரண்டு முறை வந்தால் கேளுங்கள்.

ஓலால் குடும்பம் அட்ரினலின் போய் ஒட்டும் பீட்டா ஏற்பிகளை மறைப்பது. ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி 1960-களில் ப்ரோப்ரானலாலைக் கொண்டுவந்தார். இதயத்தில் ஏற்பியை மறைத்தால் துடிப்பு குறையும், நெஞ்சுவலி தணியும். மூச்சுக்குழாயிலும் பீட்டா ஏற்பி இருக்கிறது, அங்கே அதன் வேலை குழாயை விரிப்பது. ஆஸ்துமாக்காரருக்கு ப்ரோப்ரானலால் கொடுத்தால் மூச்சு அடைத்துவிடும். அதே ஏற்பியைத் தூண்டுகிற சால்பியூட்டமாலை இன்ஹேலரில் இழுத்தால் மூச்சு திறக்கும், கூடவே கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஒரே ஏற்பிக் குடும்பத்தை ஒருவர் மூட, இன்னொருவர் திறக்க, இரண்டும் மருந்தாகின்றன. சர்க்கரை நோயாளிகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் வருகிற படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த ஓலால் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது.

அம்லோடிபின் ரத்தக்குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துக் குழாயைத் தளர்த்துகிறது. நல்ல மருந்து, விலையும் குறைவு. சிலருக்கு மாலையானால் கணுக்கால் வீங்கும். உடலில் நீர் கூடியதால் வருகிற வீக்கம் இல்லை இது. தமனி விரிந்த அளவுக்குச் சிரை விரியாததால் இடையில் நீர் கசிகிறது. வீக்கத்துக்கு என்று நீர் மாத்திரை வாங்கிப் போடுவதில் பெரிய பலன் இருக்காது.

சர்க்கரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். மெட்ஃபார்மின் கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து வெளியே விடுவதைக் குறைக்கிறது. தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையை அநேகமாகத் தாழ்நிலைக்குத் தள்ளாது. கிளிமெபிரைடு அப்படியல்ல. கணையச் செல்லின் பொட்டாசியம் வாயிலை மூடி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்க்காது. விரத நாளில் மயங்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகை மாத்திரை போட்டவர்களும் இன்சுலின் போட்டவர்களும்தான். டாபாகிளிஃப்ளோசின் மூன்றாவது வழி. சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி அத்தனையையும் திரும்ப உறிஞ்சுகிறது. இந்த மருந்து உறிஞ்சுவதைத் தடுத்து ஒரு பகுதியைச் சிறுநீரில் போகவிடுகிறது. சிறுநீரில் சர்க்கரை போனால் அந்தரங்க இடத்தில் பூஞ்சை அரிப்பு வரலாம். பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், காரணம் மாத்திரைதான்.

கொழுப்பு மாத்திரை ஜப்பானியர் ஒருவரின் பொறுமையால் வந்தது. அகிரா எண்டோ, சாங்க்யோ கம்பெனியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973-இல் ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தார். கல்லீரல் கொழுப்பைத் தயாரிக்கும் பாதையில் ஒரு நொதியை அது தடுக்கிறது. பலர் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். உண்மையான பலன் அடுத்த படியில் இருக்கிறது. சொந்தத் தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் செல் தன் மேற்பரப்பில் அதிக ஏற்பிகளை வைத்து, ரத்தத்தில் மிதக்கும் கெட்ட கொழுப்பை உள்ளே இழுக்கிறது. ரத்தத்தில் கொழுப்பு இறங்குவது பெரும்பாலும் அதனால்தான். அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் கிடைத்தது. எண்டோவுக்குக் கிடைக்கவில்லை. அவர் 2024-இல் காலமானார். எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.

ஆன்டிபயாடிக்குக்கும் விலாசம் தெரியாதுதான், ஆனால் அது தேடுகிற இலக்கு நம்மிடம் இல்லை, இருந்தாலும் வடிவம் வேறு. பென்சிலின் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைக் கெடுக்கிறது, நம் செல்லுக்குச் சுவரே கிடையாது. டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிப் புரதத் தயாரிப்பை நிறுத்துகின்றன. நமக்கும் ரைபோசோம் உண்டு, வடிவம் வேறு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பெற்றது அந்த ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக. சில ஆன்டிபயாடிக்குகள் அதில் எங்கே போய் உட்காருகின்றன என்பதையும் அவர் குழு காட்டியது. வைரஸுக்குச் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. ஜலதோஷத்துக்கு அசித்ரோமைசின் கேட்டு வாங்குகிறவர்கள், அதற்கு ஒட்டுவதற்கு இடமே இல்லாத ஒன்றின்மேல் அதை ஏவுகிறார்கள்.

சிறுநீரகத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் உள்ளே வர ஒரு தமனி, வெளியே போக ஒரு தமனி. உள்ளே ரத்தம் அழுத்தத்தோடு இருந்தால்தான் சிறுநீர் வடியும். வருகிற தமனியை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின், போகிற தமனியைச் சற்று இறுக்கி வைப்பது ஆஞ்சியோடென்சின். அறுபது வயதுக்காரர் ஒருவர் பிரஷருக்கு டெல்மிசார்டான் சாப்பிடுகிறார், போகிற தமனி தளர்ந்துவிட்டது. அதோடு நீர் மாத்திரையும் உண்டு, இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே வருவதால் அவருக்கே தெரிந்திருக்காது. அதனால் ரத்தத்தின் அளவு கொஞ்சம் குறைவு. இதுவரை ஒன்றும் கெடவில்லை, சிறுநீரகம் சமாளிக்கும். சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கு வருகிறது, இன்னும் நீர் போகிறது. உடம்பு வலிக்கிறதென்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி நான்கு நாள் போடுகிறார். வருகிற தமனியும் சுருங்கிவிட்டது. வடிகட்டியில் அழுத்தம் இல்லை. மூன்று மருந்தும் தனித்தனியாக நல்லவை. கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறவர்களில் இப்படி வருகிறவர்கள் குறைவில்லை. நேரத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

அப்படியானால் முட்டி வலிக்கு எதைத்தான் போடுவது என்று கேட்பீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லுங்கள், டாக்டரிடமும் மருந்துக்கடையிலும். பாராசிட்டமால் சிறுநீரகத்தை இந்த வழியில் தொந்தரவு செய்வதில்லை. அதன் ஆபத்து கல்லீரலில். கல்லீரல் அதைக் கழிக்கும்போது ஒரு சிறு பகுதி நச்சுப்பொருளாக மாறும். அதை முறிக்கும் குளூட்டதயோன் கல்லீரலில் இருப்பு இருக்கும்வரை கவலையில்லை, இருப்பு தீர்ந்தால் செல்கள் சாகும். வளர்ந்தவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது, மது குடிப்பவருக்கும் மெலிந்தவருக்கும் அதைவிடக் குறைவு. ஜலதோஷ மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். முட்டி மட்டும்தான் வலி என்றால் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பாருங்கள். மாத்திரையோடு ஒப்பிட்டால் அதிலிருந்து ரத்தத்துக்குப் போவது நூற்றில் ஏறத்தாழ ஆறு பங்குதான். தடவியபின் கையைக் கழுவிவிடுங்கள், ஒரு மணி நேரம் அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே வெந்நீர்ப் பையையும் வைக்காதீர்கள்.